சாத்துக்குடி அளவு

ஜூன் 14, சனி

நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். கிளம்பும்போது நர்ஸ், "தெனமும் வலி எவ்வளவுன்னு பத்துக்கு மார்க் போட்டு எழுதி வைங்கக்கா" என்றாள். வலிக்கு மார்க் போட நான் என்ன வாத்தியாரா? ஆனாலும் கம்பெனியில் பொங்கலுக்குக் கொடுத்த டைரி ஒரு பக்கம்கூட எழுதாமல் பீரோவில் கிடந்தது. வீணாகப் போவானேன் என்று எடுத்துக்கொண்டேன்.

முதல் பக்கத்தில் விவரமெல்லாம் கேட்கிறான். பெயர் சுகந்தி. வயது முப்பத்து நான்கு. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சாம்பிள் செக்‌ஷன் டெய்லர். குடும்பத்தார் என்ற இடத்தில் ஐந்து வரி விட்டிருக்கிறான். லோகநாதன், கணவர் என்று ஒரு வரியோடு முடிந்தது.

வயதுக்கு வந்த நாளிலிருந்து மாதம் மூன்று நாள் சுருண்டு படுப்பவள் நான். பத்தொன்பது வயதில் அதை அப்பென்டிக்ஸ் என்று சொல்லி அறுத்தார்கள். அப்பென்டிக்ஸ் போனது, வலி போகவில்லை. போன வருஷம்தான் அதற்கு எண்டோமெட்ரியோசிஸ் என்று பெயர் தெரிந்தது. கர்ப்பப்பைக்குள் இருக்க வேண்டிய சவ்வு வெளியே கண்ட இடத்தில் வளர்ந்து, மாதாமாதம் அங்கேயும் ரத்தம் கசிந்து கட்டியாகிறதாம். அந்தக் கட்டிக்குச் சாக்லேட் கட்டி என்று பெயர். இந்தப் பெயரை வைத்தவன் கையில் கிடைத்தால் நாலு வார்த்தை கேட்பேன்.

திங்கட்கிழமை ஆபரேஷன். மயக்கம் தெளிந்து கண்ணைத் திறந்ததும், "எடுத்தாச்சுங்களா?" என்றுதான் கேட்டேன். கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எடுத்தாச்சு. எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. நீ தூங்கு" என்றார். கண் கலங்கியிருந்தது. இந்த மனுஷர் அழுது நான் பார்த்ததே இல்லை. சந்தோஷத்தில் அழுகிறார் என்று எனக்கும் அழுகை வந்துவிட்டது.

வலி: ஆறு. தையல் வலிதானே, இருக்கட்டும்.

ஜூன் 17, செவ்வாய்

பார்க்க ஒறம்பரை, சொந்தபந்தம் வந்தபடியே இருக்கிறது. ஆளுக்கொரு பை பழம், ஒரு ஹார்லிக்ஸ். உட்கார்ந்ததும் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: "கட்டி எத்தாப் பெருசுங்க?"

நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் இது ஒரு வழக்கம். ஆபரேஷன் முடிந்ததும் எடுத்ததை ஒரு டிரேயில் வைத்து, வெளியே நிற்கும் சொந்தக்காரர்களுக்குக் காட்டுவார்கள். உடம்புக்குச் சொந்தக்காரி உள்ளே மயக்கத்தில் கிடப்பாள். பார்த்தவர்கள் அதை ஆயுசுக்கும் சொல்லிக்கொண்டிருப்பார்கள். எங்கள் பெரியப்பா, தன் சம்பந்திக்கு எடுத்த கிட்னிக் கல்லைப் பற்றி இன்றும் விரலை மடக்கி அளவு காட்டுவார்.

இன்று அவரே வந்திருந்தார். வழக்கம்போல அளவு கேட்டார். என் கணவர் டீப்பாயில் இருந்த பழத்தட்டைப் பார்த்தபடி, "சாத்துக்குடி அளவுங்க மாமா" என்றார்.

"கருப்பாங்?"

"ஆமாங். கருப்பு. பளபளன்னு இருந்துச்சுங்."

எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. அம்மா, பால் பொங்குகிறது என்று எழுந்து உள்ளே போய்விட்டாள். பால் பொங்கியிருக்கவில்லை. அடுப்பே பற்ற வைக்கவில்லை.

ஜூன் 25, புதன்

தையல் பிரித்தார்கள். இடுப்பில் ஒரு ஊசி போட்டார்கள். புண் சீக்கிரம் ஆற மாதம் ஒன்று போட வேண்டும் என்று என் கணவர் சொன்னார். டாக்டரம்மா ஏதோ சொல்ல ஆரம்பித்தார். இவர், "நீ போய் எடை பாத்துட்டு வா சுகந்தி" என்று என்னை வெளியே அனுப்பினார். எடை பார்த்து, சுவரில் இருந்த குழந்தைப் படங்களை எல்லாம் பார்த்து முடித்த பிறகும் இவர் வரவில்லை. என் உடம்பைப் பற்றி இத்தனை கேள்வி கேட்கிற புருஷன் யாருக்கு வாய்க்கும்?

ஜூலை 2, புதன்

என் புடவையையும் உள்பாவாடையையும் அவரே துவைத்துக் காயப் போட்டார். மாடிவீட்டு அக்கா பார்த்துச் சிரித்தாள். சிரிக்கட்டும், வயிற்றெரிச்சல்.

ஜூலை 20, ஞாயிறு

ஃபேனுக்கு நேர்கீழே உட்கார்ந்திருக்கிறேன். திடீரென்று நெஞ்சிலிருந்து சூடு கிளம்பி முகமெல்லாம் வேர்த்துக் கொட்டுகிறது. தொட்டதற்கெல்லாம் எரிச்சல் வருகிறது. மாதவிலக்கும் வரவில்லை. அம்மாவுக்குப் போன் செய்தேன். "நல்லதுதானே கண்ணு, அது வந்தாத்தானே வலி" என்றாள். நியாயம்தான். ஆனால் அது வராமலேயே வலிக்கிறதே?

வலி: ஐந்து. வெளிக்குப் போகும்போது எட்டு.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. காங்கயத்துக்கு அம்மா வீட்டுக்குப் போனோம். பக்கத்து வீட்டுப் பாப்பாத்தி அக்கா விசாரிக்க வந்தாள். இந்த முறை அம்மா பதில் சொன்னாள், "ஒரு கொய்யாக்கா அளவு இருந்துச்சு புள்ள. டிரேல வெச்சுக் காட்டுனாங்க."

நான் விடுவேனா? "ஏம்மா, அவர் சாத்துக்குடிங்கறார், நீ கொய்யாக்காங்கற. ரெண்டு பேரும் ஒரே டிரேயைத்தான் பாத்தீங்களா? என்னைய வெச்சு ஒரு பழக்கடையே போட்டுருவீங்களாட்ட இருக்குது."

பாப்பாத்தி அக்கா சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை. "எனக்கென்ன கண்ணு அளவு தெரியும்? கருக்குன்னு என்னமோ இருந்துச்சு. போச்சாது வுடு."

பஸ்ஸில் திரும்பும்போது நினைத்துக்கொண்டு வந்தேன். அம்மாவுக்கு ரத்தம் ஆகாது. கோழி அறுக்கும்போது தெரு முனைக்குப் போய்விடுவாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் விரலில் மெஷின் ஊசி ஏறியபோது, நான் நின்றுகொண்டிருந்தேன், அவள்தான் மயங்கி விழுந்தாள். அப்பேர்ப்பட்டவள் எனக்காக டிரேயில் எட்டிப் பார்த்திருக்கிறாள். பெற்ற வயிறு.

ஆகஸ்ட் 18, திங்கள்

வேலைக்குத் திரும்பினேன். பக்கத்து மெஷின் ஜெரினா என் ஸ்டூலுக்கு ஒரு மெத்தை தைத்து வைத்திருந்தாள். பதினைந்து வருஷமாகப் பக்கத்து மெஷின். மத்தியானம் வரை தாக்குப் பிடித்தேன். சாப்பிட எழுந்தபோது அடிவயிற்றை உள்ளிருந்து யாரோ பிடித்து இழுத்த மாதிரி இருந்தது. பாதி எழுந்தபடியே நின்றேன்.

"ஏம் புள்ள, கட்டிதான் எடுத்தாச்சே?" என்றாள் ஜெரினா.

அதைத்தான் நானும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

செப்டம்பர் 6, சனி

இன்று வீட்டில் சண்டை. காலையில் பாத்ரூமிலிருந்து வெளியே வர முடியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதேன். இவர் தூக்கி வந்து கட்டிலில் படுக்க வைத்தார். தண்ணீர் கொடுத்தார். வேறு டாக்டரைப் பார்க்கலாமா என்று கேட்டேன். அதற்குத்தான் முகம் மாறியது.

"எதுக்கு? எல்லாந்தான் எடுத்தாச்சே."

"அப்புறம் ஏனுங்க இப்படி வலிக்குது?"

"வலிச்சு வலிச்சு உன்ற மனசு அதுக்கே பழகிப்போச்சு சுகந்தி. வலி வயித்துல இல்ல, மனசுல இருக்குது. வேற எதையாச்சும் நெனை."

வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். அவர் சொல்வது சரியாகத்தான் இருக்க வேண்டும். கட்டி போய்விட்டது, அவர் கண்ணால் பார்த்தவர். அப்படியானால் பொய் சொல்வது என் உடம்புதான். பதினான்கு வயதிலிருந்து என்னோடு இருக்கிற வலி, போன பிறகும் போகாத மாதிரி நடிக்கிறது. எனக்கே என்மேல் வெறுப்பாக இருக்கிறது. நாளையிலிருந்து மார்க் பூஜ்யம்.

செப்டம்பர் 12, வெள்ளி

அம்மா வந்து கோயிலுக்கு அழைத்துப்போனாள். பயந்த கோளாறு என்று பூசாரி திருநீறு போட்டார். அம்மா எனக்காக விழுந்து விழுந்து கும்பிட்டாள்.

வலி: பூஜ்யம்.

செப்டம்பர் 15, திங்கள்

வலி: பூஜ்யம். எழுந்திருக்க முடியாததால் லீவு.

செப்டம்பர் 23, செவ்வாய்

கம்பெனியில் வாந்தி. வயிறு உப்பிக் கல்லாகிவிட்டது. இவருக்குப் போன் போட வேண்டாம், மனசு என்பார் என்றேன். ஜெரினா, "மனசு வாந்தி எடுக்குமா?" என்று என்னை ஆட்டோவில் ஏற்றி, பக்கத்து ஸ்கேன் சென்டருக்குக் கூட்டிப்போனாள்.

ஸ்கேன் எடுத்த லேடி டாக்டர் என் வயிற்றில் கருவியை வைத்துத் தேய்த்துக்கொண்டே, "என்னம்மா ஆபரேஷன்?" என்றார்.

"சாக்லேட் கட்டி எடுத்தாங்க மேடம். ஜூன்ல."

"எந்தப் பக்கம்?"

"இடது பக்கம்."

அவர் கருவியை அதே இடத்தில் நிறுத்தினார். ஸ்கிரீனைப் பார்த்தார், என் தழும்பைப் பார்த்தார், மறுபடி ஸ்கிரீனைப் பார்த்தார். "இடது பக்கம் கட்டி இருக்கேம்மா. பெருசாவே இருக்கு."

"மறுபடி வளந்துருச்சுங்களா?"

"இத்தனை சீக்கிரம் இவ்வளவு வளராது. ஆபரேஷன் பண்ணின டாக்டரைப் போய்ப் பாருங்க."

ஜெரினா என் கையை இறுக்கினாள். அவளுக்கு அப்போதே புரிந்துவிட்டது என்று இப்போது தோன்றுகிறது. எனக்கு ஒன்றும் புரியவில்லை, அல்லது புரிய வேண்டாம் என்றிருந்தேன்.

செப்டம்பர் 24, புதன்

வீட்டில் சொல்லாமல் ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். என்னை எடை பார்க்க அனுப்ப இன்று பக்கத்தில் யாரும் இல்லை.

"நீங்க எடுத்த கட்டி மறுபடி வந்துருச்சுங்க" என்றேன். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார்.

"நான் அதை எடுக்கவே இல்லையேம்மா. உங்க வீட்டுக்காரர் சொல்லலையா?"

நான் இல்லை என்று தலையாட்டியதும் அவரே சொன்னார். "வயித்தைத் திறந்தா எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கெடந்துச்சு. கர்ப்பப்பை, சினைப்பை, குடல் எல்லாமே. உங்க நோயே ஒட்ட வைக்கும். பழைய அப்பென்டிக்ஸ் ஆபரேஷன்ல உண்டான ஒட்டலும் சேர்ந்துக்கிச்சு. பிரிக்கப் போனா குடல் கிழிஞ்சிரும். இங்க அதுக்கு ஆளில்லை. டெஸ்டுக்கு ஒரு துணுக்கு மட்டும் எடுத்துட்டு மூடிட்டேன். மூணு மாசம் ஊசி போட்டுட்டு கோயம்புத்தூர்ல பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு அன்னைக்கே வெளியே வந்து சொன்னேனே."

"யார்கிட்டங்க?"

"உங்க வீட்டுக்காரர்கிட்ட. உங்கம்மாவும் பக்கத்துல இருந்தாங்க."

"அப்ப டிரே?"

"என்ன டிரே?"

புண் ஆறுவதற்கான ஊசி, புண் ஆறுவதற்கானது இல்லை. சினைப்பையைத் தூங்க வைக்கிற ஊசி. சூடும் வேர்வையும் எரிச்சலும் அதனால்தான். மாதாமாதம் உங்கள் எதிரில் வந்து உட்கார்ந்தேனே, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா என்று கேட்டேன்.

"நீங்க தாங்க மாட்டீங்க, நேரம் பாத்து நானே சொல்லிக்கறேன்னு கேட்டுக்கிட்டார். நல்ல மனுஷன்மா அவர். சொல்லியிருப்பார்னு நெனைச்சேன்."

டி-ஷர்ட் பட்டன் பட்டிக்கு உள்ளே பசை பூசிய கேன்வாஸ் துணியை வைத்து அயர்ன் செய்வோம். ஒட்டிக்கொள்ளும். தப்பாக ஒட்டினதைப் பிய்த்தால் துணியும் சேர்ந்து கிழியும். என் வயிறு அப்படிக் கிடக்கிறது. அது ஜூன் மாதத்திலிருந்து அவர்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

செப்டம்பர் 25, வியாழன்

வேலைக்குப் போனேன். காலர் தைத்தேன். வீட்டுக்கு வந்து ரசம் வைத்தேன். நன்றாக இருக்கிறது என்றார்.

செப்டம்பர் 27, சனி

அம்மா வந்திருந்தாள். கூடத்தில் உட்கார்ந்து அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். இவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் கடைக்குப் போய் ஒரே ஒரு சாத்துக்குடி வாங்கி வந்தேன். எவர்சில்வர் தட்டில் வைத்து, இருவருக்கும் நடுவில் கொண்டுபோய் நீட்டினேன்.

"இந்த அளவா, இதைவிடப் பெருசுங்களா?"

பேப்பர் கீழே இறங்கியது. அவர் முகத்தில் ரத்தமே இல்லை. அம்மாவின் மடியிலிருந்த அவரைக்காய் எல்லாம் தரையில் கொட்டியது.

"நீ கண்ணு முழிச்சதும் எடுத்தாச்சான்னு கேட்ட" என்றார். "சிரிச்ச முகமா கேட்ட. இல்லைன்னு சொல்ல வாய் வரலை சுகந்தி. நாளைக்குச் சொல்லிக்கலாம், நாளைக்குச் சொல்லிக்கலாம்னு..."

அம்மா அழுதாள். "நாந்தான் சாமி சொல்ல வேண்டாம்னேன். கொழந்தைக்கு வழியில்லைன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. உன்ற மாமியார் வூட்டுக்குத் தெரிஞ்சா உன்னைய அனுப்பி வெச்சுருவாங்களோன்னு எனக்கு வெசனம்."

"என்னைய அனுப்பறதுன்னா இவர்தானே அனுப்போணும்? இவருக்குத்தான் தெரியுமே!"

அம்மா குனிந்து அவரைக்காயைப் பொறுக்க ஆரம்பித்தாள்.

எடுத்தாச்சு என்று முதல் நாள் சொன்னதை நான் மன்னித்துவிடுவேன். அவர் இடத்தில் இருந்திருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் வலிக்கிறது, வலிக்கிறது என்று நான் சொன்ன ஒவ்வொரு தடவையும், ஏன் வலிக்கிறது என்று தெரிந்துகொண்டே இவர் மனசு என்றார். தெரிந்துகொண்டே அவள் என் நெற்றியில் திருநீறு பூச வைத்தாள். தங்கள் பொய்யைக் காப்பாற்ற என்னைப் பொய்க்காரி ஆக்கினார்கள். நானும் நம்பி, என் வலிக்கு நானே பூஜ்யம் போட்டேன். இதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

சாத்துக்குடியை உரித்து நானே தின்றேன். புளிப்பு.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. அவர் வாங்கி வந்த புடவை கவரோடு இருக்கிறது. சிலிண்டர் வந்ததா, தண்ணீர் விட்டார்களா என்று பேசிக்கொள்கிறோம். சாப்பிட்ட தட்டை அவரே கழுவி வைக்கிறார். பார்க்கப் பாவமாக இருக்கிறது. பாவமாக இருப்பது எனக்கு எரிச்சலாகவும் இருக்கிறது.

வலி: ஏழு. இனிமேல் குறைத்துப் போட மாட்டேன்.

அக்டோபர் 29, புதன்

கோயம்புத்தூர். சின்ன வயது டாக்டர். குடல் டாக்டரும் கூட இருந்து ஆபரேஷன் செய்வாராம். ஸ்கேனை விரித்துவைத்து, "சார், இங்க பாருங்க" என்று என் கணவரிடம் ஆரம்பித்தார்.

"டாக்டர், வயிறு என்னோடதுங்க. இந்தப் பக்கம் பாத்துச் சொல்லுங்க" என்றேன்.

டாக்டர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். இவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் எடை பார்க்கப் போகவில்லை, அவரையும் அனுப்பவில்லை. நோய் முழுசாகப் போகுமா என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றார். இத்தனை மாதத்தில் ஒளிக்காமல், காலம் கடத்தாமல் என் காதுக்கு நேராக ஒருவர் சொன்ன முதல் நிஜம் அதுதான். ஏனோ தெம்பாக இருந்தது.

நவம்பர் 12, புதன்

சற்று நேரத்தில் உள்ளே கொண்டுபோவார்கள். டாக்டரிடம் மறுபடியும் சொல்லிவிட்டேன். "முடிஞ்சதும் வெளிய யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லாதீங்க, காட்டாதீங்க. உசுருக்கு ஆபத்துன்னாத் தவிர. நான் கண்ணு முழிச்சப்புறம் எனக்குச் சொல்லுங்க." சரி என்று கையில் அடித்துச் சொன்னார். என் கணவரும் அம்மாவும் கதவுக்கு வெளியே பெஞ்சில் இருக்கிறார்கள். பயமாக இருக்கிறது. அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருக்கிறது. கூப்பிட்டுப் பிடித்துக்கொள்ளவில்லை.

நவம்பர் 15, சனி

இன்றுதான் பேனா பிடிக்க முடிந்தது.

நேற்று காலை என்னை ஐ.சி.யூ.விலிருந்து அறைக்கு மாற்றியதும் டாக்டர் வந்து, கதவைச் சாத்திவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். இடது சினைப்பை போய்விட்டது. கர்ப்பப்பையையும் குடலையும் பிரித்துவிட்டார்கள். குடலில் ஒரு துண்டை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். பின்பக்கம் ஒரு இடத்தில் கைவைக்க முடியாமல் விட்டுவிட்டார்கள். மறுபடி ஒட்டலாம். வலி குறையும், அறவே போகும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன் என்றார். திருப்பிச் சொல்லச் சொல்லி இரண்டாவது தடவையும் கேட்டேன். அழுதேன். அவர் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தார்.

"எடுத்ததை போட்டோ எடுத்து வெச்சிருக்கேன். பாக்கறீங்களா?"

போனில் பார்த்தேன். கருஞ்சிவப்பாக, கிழிந்து, மடங்கிக் கிடந்தது. எந்தப் பழம் மாதிரியும் இல்லை.

மாலை பார்வையாளர் நேரத்தில் என் கணவரையும் அம்மாவையும் உள்ளே விட்டார்கள். மூன்று நாள் பெஞ்சில் உட்கார்ந்து அவர் கண் செவசெவவென்று இருந்தது. அம்மா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"டாக்டர் எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்ல மாட்டேங்கறார் கண்ணு. என்ன சொன்னார்? எடுத்தாச்சா?"

இவர் கையை நான்தான் பிடித்தேன். சில்லென்று இருந்தது.

"எடுத்தாச்சு. சாத்துக்குடி அளவு. எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. நீங்க போய்த் தூங்குங்க" என்றேன்.

வலி: பத்துக்கு எட்டு.